தென்னாப்பிரிக்கா, சீனப் பயணி, நடுவில் ஒரு விசா மையம்

சுற்றுலா விசா என்றதும் என்னென்ன தாள் கேட்பார்கள் என்பதில்தான் பேச்சு தொடங்கும். தென்னாப்பிரிக்கா செல்லும் சீனப் பயணியிடம் கேட்கும் தாள்களில் அதிசயம் ஒன்றும் கிடையாது. ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 30 நாள் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதில் முத்திரை குத்த வெற்றுப் பக்கம், விண்ணப்பப் படிவம், புகைப்படம், போகவர விமான டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, செலவுக்குப் பணம் உண்டு என்று காட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம். சென்னையில் ஏதாவது ஒரு நாட்டுக்கு விசா எடுத்தவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பித்துவிடுவார்.

பத்தாண்டுகளாக இந்தப் பட்டியலில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அதே பத்தாண்டுகளில் சீனாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை சரிந்தது, எழுந்தது, மறுபடி சரிந்தது. தாள்கள் மாறாமல் வரத்து மட்டும் ஏன் இப்படி ஆடியது? அந்தத் தாள்களை எங்கே போய்க் கொடுக்க வேண்டும், யார் கையால் கொடுக்க வேண்டும், கொடுத்தவர் சொல்வதற்கு யார் பொறுப்பு என்ற மூன்று விஷயங்களும் இடையில் மாறிக்கொண்டே இருந்தன. விசாவில் ஒருவரை நிறுத்துவதும் அனுப்புவதும் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் போல் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அதனால்தான் இந்த ஆய்வுக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

விதி வருமுன்

சீனர்களின் வெளிநாட்டுச் சுற்றுலா வளர்ந்த விதம் நமக்குச் சற்று அந்நியமானது. குழுச் சுற்றுலா எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதைச் சீன அரசே தீர்மானித்தது. எந்த நாட்டுடன் ஒப்பந்தம் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு மட்டுமே பயண நிறுவனங்கள் குழு அனுப்பலாம், விளம்பரமும் செய்யலாம். 2000களின் தொடக்கத்தில் எகிப்தும் தென்னாப்பிரிக்காவும் அந்தப் பட்டியலுக்குள் வந்தன. இந்த ஏற்பாட்டில் பயணி தூதரகத்தின் வாசலைக்கூட மிதிக்க வேண்டியதில்லை. அவர் பாஸ்போர்ட்டையும் தாள்களையும் உள்ளூர்ப் பயண நிறுவனத்திடம் கொடுப்பார். அந்த நிறுவனம் முப்பது, நாற்பது பேருடையதை ஒன்றாகக் கட்டி பெய்ஜிங்குக்கோ ஷாங்காய்க்கோ அனுப்பும். விசா ஒட்டிய பாஸ்போர்ட் அதே வழியில் திரும்பி வரும்.

2011இல் சீனாவின் சான்யா நகரில் நடந்த உச்சிமாநாட்டில் தென்னாப்பிரிக்கா பிரிக்ஸ் அணியில் அமர்ந்தது. 2012 ஜனவரி இறுதியில் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பெய்ஜிங்குக்கு நேரடி விமானம் விட்டது. 2013இல் சீனாவிலிருந்து வந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். இன்னும் சில ஆண்டுகளில் இது எங்கோ போய்விடும் என்று கேப்டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் ஹோட்டல்காரர்கள் கணக்குப் போட்டதில் தவறில்லை.

2014 மே 26

அன்று புதிய குடிவரவு விதிகள் அமலுக்கு வந்தன. நலேடி பாண்டோர் உள்துறை அமைச்சராக இருந்தபோது உருவான விதிகள் இவை. அமலுக்கு வந்த அதே நாட்களில் அவர் துறை மாற, பழி முழுவதும் அடுத்து வந்த மலுசி கிகாபாவின் தலையில் விழுந்தது. அவரும் பின்வாங்காமல் விதிகளைக் கடைசி வரை தாங்கிப் பிடித்ததால், பழி அவருக்கே ஒட்டிக்கொண்டது.

சீனப் பயணியைப் பொறுத்தவரை விதிகளில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, விண்ணப்பிப்பவர் நேரில் வந்து கைரேகை கொடுக்க வேண்டும். இரண்டாவது, குழந்தையோடு வந்தால் தாய், தந்தை இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கைரேகை கேட்பதில் குற்றம் சொல்ல முடியாது. அமெரிக்கா கேட்கிறது, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் கேட்கின்றன. பாஸ்போர்ட் ஒருவருடையது, வந்து இறங்குபவர் வேறொருவர் என்ற மோசடியைத் தடுக்க அது நல்ல வழிதான். சிக்கல் அதை எங்கே கொடுப்பது என்பதில் இருந்தது. ஆரம்பத்தில் சீனா முழுவதற்கும் பெய்ஜிங், ஷாங்காய் என்று இரண்டே ஊர்கள். செங்டூவில் இருப்பவர் பெய்ஜிங் போக விமானத்திலேயே சுமார் 1,500 கிலோமீட்டர் கடக்க வேண்டும். ஒரு நாள் விடுப்பு, போகவர டிக்கெட், சில சமயம் ஓர் இரவு ஹோட்டல். இத்தனையும் விரலை ஒரு கண்ணாடித் தகட்டில் அரை நிமிடம் வைப்பதற்காக.

இதைக் குழுவாக நினைத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு தொழிற்சாலையின் சிறந்த ஊழியர்கள், இரண்டு மூன்று குடும்பங்கள் என முப்பது பேர். முன்பு ஓர் ஊழியர் ஒரு பையில் கொண்டுபோன வேலையை இப்போது முப்பது பேரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பயண நிறுவனம் வேறு என்ன செய்யும்? அலமாரியில் தென்னாப்பிரிக்கா இருந்த இடத்தில் வேறொரு நாட்டின் விளம்பரத் தாளை வைத்துவிடும். வாடிக்கையாளருக்கு அதனால் நஷ்டமில்லை. அவருக்குச் சிங்கம் பார்க்க வேண்டுமென்றால் கென்யாவிலும் தான்சானியாவிலும் சிங்கம் இருக்கிறது. விசா கடுமையானால் பயணி சண்டை போடுவார், மனுக் கொடுப்பார் என்று எதிர்பார்க்கிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். அவர் சத்தமே போடமாட்டார். அவர் வராமல் போனது ஆண்டு முடிந்து புள்ளிவிவரம் வரும்போதுதான் தெரியும்.

சீனாவின் விடுமுறை அமைப்பு இதை இன்னும் கடினமாக்கியது. பெருவாரியான மக்கள் நெடுந்தூரம் பயணம் போவது வசந்த விழா என்னும் சீனப் புத்தாண்டையும் அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையையும் ஒட்டித்தான். எல்லோரும் ஒரே மாதத்தில் விண்ணப்பிப்பார்கள். விசா பத்து நாள் தாமதமானால் பயணம் பத்து நாள் தள்ளிப்போகாது. அந்த ஆண்டுக்கே இல்லாமல் போகும்.

குழந்தையின் சான்றிதழ்

இரண்டாவது விதி சீனர்களை மட்டும் குறிவைத்ததல்ல. விசாவே தேவைப்படாத பிரிட்டன், ஜெர்மனி குடும்பங்களும் இதில் மாட்டின. பலமுறை தள்ளிப்போடப்பட்டு, 2015 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. சொல்லப்பட்ட காரணம் குழந்தைக் கடத்தல். ஆண்டுக்கு 30,000 குழந்தைகள் தென்னாப்பிரிக்கா வழியாகக் கடத்தப்படுகிறார்கள் என்று அரசுத் தரப்பில் ஒரு எண் சொல்லப்பட்டது. உண்மை சரிபார்க்கும் ஆப்பிரிக்கா செக் அமைப்பு அதைத் துருவியபோது, அதற்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. நோக்கம் நல்லதாக இருக்கும்போது எண்ணை யாரும் தட்டிக் கேட்பதில்லை என்பது எல்லா நாட்டு அரசாங்கங்களுக்கும் தெரிந்த விஷயம்.

சீனக் குடும்பத்துக்கு இந்தச் சான்றிதழ் ஏன் தனிச் சுமை? அங்கே ஒரு குழந்தை யாருடையது என்று அன்றாடம் நிரூபிப்பது ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவேடு. பள்ளியில் சேர்க்க, மருத்துவமனைக்குப் போக, வீடு மாற்ற என்று எல்லாவற்றுக்கும் அதுதான். நாடு முழுவதற்கும் ஒரே வடிவத்தில் மருத்துவப் பிறப்புச் சான்றிதழ் வந்ததே 1990களின் பிற்பாதியில். வெளிநாட்டுக்குக் காட்ட வேண்டுமென்றால் நோட்டரி அலுவலகத்துக்குப் போய், ஆங்கில மொழிபெயர்ப்போடு சான்றளித்த பிரதி வாங்க வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துப்போனால் மற்றவரின் ஒப்புதல் பத்திரம் வேறு. தாத்தா பாட்டி பேரனை அழைத்துக்கொண்டு சுற்றுலா போவது சீனாவில் சர்வ சாதாரணம். அவர்களுக்கு இரண்டு பெற்றோரின் பத்திரமும் தேவைப்பட்டது.

உண்மையில் விசா தேவைப்படும் நாட்டுக்காரருக்கு இந்த விதி அவசியமா என்பதே கேள்வி. அவர் விண்ணப்பிக்கும்போதே அதிகாரி குழந்தையின் தாள்களைப் பார்த்துவிடுகிறார். விமான நிலையத்தில் மறுபடியும் அதையே கேட்பதால் கூடுதலாக யார் பிடிபடப் போகிறார்கள்? 2018 இறுதியில் விதி தளர்த்தப்பட்டபோது, விசா தேவையில்லாதவர்கள் சான்றிதழைக் கையில் வைத்திருப்பது நல்லது என்ற அளவுக்கு அது இறங்கியது. விசா எடுப்பவர்கள் விண்ணப்பத்தோடு கொடுப்பது தொடர்ந்தது.

சரிவில் விசாவின் பங்கு எவ்வளவு?

2014இல் சீனாவிலிருந்து வந்தவர்கள் சுமார் 83,000 பேர். முந்தைய ஆண்டின் ஒன்றரை லட்சத்தோடு ஒப்பிட்டு, விசா விதி பாதியை விழுங்கிவிட்டது என்று சுற்றுலாத் துறையினர் சொன்னார்கள். அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியது. லைபீரியா, சியரா லியோன், கினி ஆகிய மூன்று நாடுகளும் கேப்டவுனிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஆனால் ஆசியாவில் ஒரு குடும்பம் கூடி உட்கார்ந்து முடிவெடுக்கும்போது ஆப்பிரிக்கா என்பது ஒரே ஊர். கண்டத்தின் எந்த மூலைக்கும் போகவேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் பேச்சு முடிந்தது. வருகையாளர்களை எண்ணும் முறையும் அந்தச் சமயத்தில் திருத்தப்பட்டது. வெறுமனே விமானம் மாறிப் போகிறவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். எனவே 2013, 2014 எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது சரியல்ல. 2015இல் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் நஷ்டத்தால் பெய்ஜிங் விமானத்தை நிறுத்தியது. அக்டோபர் இறுதியில் ஏர் சைனா அந்தத் தடத்தைப் பிடிக்கும் வரை நேரடி விமானம் இல்லாத மாதங்கள் இருந்தன.

இத்தனையையும் கழித்த பிறகும் விசாவின் கை இருந்தது என்று நான் நினைப்பதற்குக் காரணம், 2016. எபோலா ஓய்ந்திருந்தது, விமானம் திரும்பியிருந்தது, அவற்றோடு இன்னொன்றும் நடந்திருந்தது. துணை அதிபராக இருந்த சிரில் ராமபோசா தலைமையில் அமைச்சர்கள் குழு ஒன்று விதிகளை ஆராய்ந்தது. சுற்றுலா அமைச்சர் டெரெக் ஹானெகோம் ஒரு பக்கம், உள்துறை இன்னொரு பக்கம் என்று அமைச்சரவைக்குள் வெளிப்படையாகவே இழுபறி. 2015 அக்டோபரில் அமைச்சரவை குழுவின் பரிந்துரைகளை ஏற்றது. வந்து இறங்கும் விமான நிலையத்தில் கைரேகை எடுத்துக்கொள்ளலாம், சீனா, இந்தியா போன்ற நாடுகளில் விசா மையங்களைக் கூட்டலாம், அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்கள் மூலம் விண்ணப்பம் வாங்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. குவாங்சோ, செங்டூ போன்ற ஊர்களுக்கு மையங்கள் வந்தன. 2016இல் சீனாவிலிருந்து வந்தவர்கள் சுமார் 1.17 லட்சம்.

பிறகு எண்ணிக்கை மறுபடி இறங்கியது. 2019இல் 93,000 அளவு. அந்த ஆண்டு சீனர்கள் 15 கோடிக்கும் மேற்பட்ட வெளிப்பயணங்கள் செய்தார்கள். அதில் பெரும்பங்கு ஹாங்காங்கும் மக்காவும்தான் என்றாலும், மிச்சத்தில்கூட 93,000 என்பது கண்ணுக்குத் தெரியாத துளி. இந்த இறக்கத்துக்கு விசாவை மட்டும் சொன்னால் நியாயமாகாது. விமான நிலையத்திலிருந்து சுற்றுலா வாகனங்களைப் பின்தொடர்ந்து போய்க் கொள்ளையடிக்கும் கும்பல்கள் பற்றிய செய்தி சீனச் சமூக வலைத்தளங்களில் பரவிக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டு அண்டை வீடுகள்

ஒப்பீட்டுக்கு மொராக்கோவையும் மொரிஷியசையும் பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது.

2016 மே மாதம் மொராக்கோ மன்னர் ஆறாம் முகமது பெய்ஜிங் சென்றார். ஜூன் 1 முதல் சீனர்களுக்கு விசாவே வேண்டாம் என்று அறிவித்தார்கள்; பாஸ்போர்ட்டோடு வந்தால் 90 நாள் இருக்கலாம். 2015இல் ஏறத்தாழ 10,000 பேர் வந்த நாட்டுக்கு 2018இல் சுமார் 1.8 லட்சம் பேர் வந்தார்கள். நீல வண்ணம் பூசிய ஷெஃப்ஷாவென் ஊரின் சந்துகளில் சீன மொழிப் பெயர்ப்பலகைகள் முளைத்தன. நேரடி விமானம்கூட இல்லாத காலத்தில் நடந்தது இது. ராயல் ஏர் மராக் பெய்ஜிங்குக்கு விமானம் விட்டது 2020 ஜனவரி நடுவில்தான். கோவிட் வந்து சில வாரங்களில் அது நின்றும் போனது.

இதை மட்டும் பார்த்தால், விசாவைத் தூக்கு, கூட்டம் தானாக வரும் என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் மொரிஷியஸ் குறுக்கே நிற்கிறது. அங்கே 2013 அக்டோபர் இறுதியிலிருந்து சீனர்களுக்கு விசா இல்லை. அந்த ஆண்டு சுமார் 42,000 ஆக இருந்த எண்ணிக்கை 2015இல் 90,000ஐத் தொட்டது. பிறகு ஆண்டுதோறும் சரிந்து 2019இல் மறுபடி 43,000க்கே வந்து நின்றது. விசா விதியில் இடையில் எந்த மாற்றமும் இல்லை. விமானங்கள் குறைந்தன, அதே கடற்கரையை மாலத்தீவு இன்னும் பக்கத்தில் கொடுத்தது.

விசா இல்லை என்ற செய்தி முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு விளம்பரம் போல வேலை செய்கிறது, அதன்பின் நாடு தன் காலில் நிற்க வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மொராக்கோவின் ஏற்றம் கோவிட் வரை மூன்றரை ஆண்டுகள்தான் ஓடியது. அதன் இரண்டாம் பாதியைப் பார்க்க நமக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆகவே தென்னாப்பிரிக்காவும் மொராக்கோவைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. நிலம் வழியாக ஆறு நாடுகளோடு எல்லை, வேலையின்மை மூன்றில் ஒருவரைத் தொடும் நாடு, குடியேறிகள் மீது அவ்வப்போது வன்முறை வெடிக்கும் அரசியல். அங்கே எந்த உள்துறை அமைச்சரும் விசாவை ஒரே கையெழுத்தில் தூக்கிவிட முடியாது.

கணினி வழி விசா என்னும் நடு வழி

2022 பிப்ரவரியில் ராமபோசா, இப்போது அதிபராக, நாடாளுமன்ற உரையில் இ-விசா 14 நாடுகளுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். சீனா, இந்தியா, கென்யா, நைஜீரியா அவற்றில் அடக்கம். 2023 பிப்ரவரி 6 அன்று சீனா கோவிட்டுக்குப் பிறகு குழுச் சுற்றுலாவை மறுபடி திறந்துவிட்ட முதல் 20 நாடுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து மூன்று: எகிப்து, கென்யா, தென்னாப்பிரிக்கா. கதவு இரு பக்கமும் திறந்தது போலத்தான் இருந்தது. ஆனால் 2023இல் சீனாவிலிருந்து வந்தவர்கள் 40,000ஐ எட்டவில்லை.

இ-விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. தாளைத் திரையில் ஏற்றுவது ஒரு வசதி. அதைப் பார்த்து முடிவெடுக்க மறுமுனையில் ஆள் வேண்டும். சீன மொழியில் இருக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வேலைக் கடிதத்தையும் யார் படிப்பது? விண்ணப்பிப்பவருக்கு ஆங்கிலம் தடை, பரிசீலிப்பவருக்குச் சீனம் தடை. குழுவாகச் சமர்ப்பிக்க வழியில்லாததால் முப்பது பேர் முப்பது தனிக் கணக்குத் தொடங்க வேண்டும். மையத்துக்குப் போகும் ரயில் டிக்கெட் மிச்சமானது, அவ்வளவுதான்.

பொறுப்பு கைமாறுகிறது

2024 மே தேர்தலில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தனிப் பெரும்பான்மையை இழந்தது. கூட்டணி அரசில் ஜனநாயகக் கூட்டணிக் கட்சியைச் சேர்ந்த லியோன் ஷ்ரைபர் உள்துறைக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு திட்டத்தை அறிவித்தார். 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நம்பகமான சுற்றுலா நிறுவனத் திட்டம் என்று அதைச் சொல்லலாம். முதலில் இரண்டே நாடுகளுக்கு: சீனா, இந்தியா. தென்னாப்பிரிக்காவுக்கு வரும் வெளிநாட்டவரில் சீனர் 1.8 சதவீதம், இந்தியர் 3.9 சதவீதம் என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டு காரணம் சொன்னது.

திட்டம் இப்படி. சீனாவிலோ இந்தியாவிலோ உள்ள பயண நிறுவனம் முதலில் தன்னைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்கிறது. சட்டப்படிப் பதிவான நிறுவனமா, முன் அனுபவம் உண்டா, தென்னாப்பிரிக்காவில் யாரோடு சேர்ந்து தொழில் செய்கிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள். தேறினால் அது அனுப்பும் குழுக்களின் விண்ணப்பங்கள் வழக்கமான வரிசைக்குப் போகாமல், இதற்கென்றே அமர்த்திய அதிகாரிகளிடம் போகும். அதற்கு ஈடாக, தான் அழைத்துவருகிறவர்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்கிறது. வந்தவர் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டால் கேள்வி நிறுவனத்திடம் வரும். முதல் சுற்றில் 65 நிறுவனங்கள் தேறின. பிறகு அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

இதில் புதுமை எவ்வளவு? 2015 அக்டோபர் பரிந்துரையில் அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்கள் என்று ஒரு வரி இருந்ததே, அதன் விரிவுதான் இது. இன்னும் பின்னால் போனால், 2014 வரை ஓடிக்கொண்டிருந்த பழைய ஏற்பாட்டின் மறுபிறவி என்றும் சொல்லலாம். பயண நிறுவன ஊழியர் ஒரு பையில் கொண்டுபோன பாஸ்போர்ட்டுகள் இப்போது கணினி வழியாகப் போகின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. பழைய ஏற்பாட்டில் அந்த ஊழியர் வெறும் தபால்காரர். இப்போது நிறுவனம் ஜாமீன்தாரர். அங்கீகாரம் பறிபோனால் அதன் தொழிலே போகும் என்பதால், சந்தேகமான ஆளை வடிகட்டும் வேலையை அது தானே செய்யும். உள்ளூர்க்காரரை உள்ளூர் நிறுவனம் எடைபோடுவது போல, தலைநகர் பிரிட்டோரியாவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியால் ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்து எடைபோட முடியாது.

தென்னாப்பிரிக்கா இதைப் பத்தாண்டுகள் தள்ளிப்போட்டதுதான் எனக்குப் புரியாத விஷயம். யோசனை அமைச்சரவைத் தாளில் இருந்தது, அதைப் பரிந்துரைத்த குழுவின் தலைவரே பின்னர் நாட்டின் அதிபரும் ஆனார். சீனாவில் ஓரளவு தொடங்கியும் பார்த்தார்கள். நிலைத்து நிற்கவில்லை. உள்துறையில் அமைச்சர் மாறும்போதெல்லாம் கோப்பு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவும் உள்ளே இருப்பதால் நம்மவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ குழுவாக தென்னாப்பிரிக்கா போக நினைப்பவர், தான் பணம் கட்டப்போகும் நிறுவனம் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான சிறு நிறுவனங்கள் பட்டியலில் உள்ள பெரிய நிறுவனத்தின் வழியாகத்தான் அனுப்பும். அப்படியானால் விசா விண்ணப்பம் யார் பெயரில் போகிறது என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

இன்னும் இடிக்கும் இடங்கள்

திட்டம் குழுவுக்கானது. சீனப் பயணிகளின் போக்கோ குழுவை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் நாற்பது பேர் நடப்பது பெற்றோர் தலைமுறையின் சுற்றுலா. இளைஞர்கள் நான்கைந்து பேராகக் கார் எடுத்து, கேப்டவுனிலிருந்து கடலோரமாக கார்டன் ரூட் வழியே ஓட்டிப்போகவே விரும்புகிறார்கள். தென்னாப்பிரிக்கா அதற்குப் பொருத்தமான நாடும்கூட. அவர்களுக்கு இந்தத் திட்டத்தால் நேரடிப் பயன் இல்லை.

அவர்களுக்கான பதில் 2025 இறுதியில் வரத் தொடங்கியது. நவம்பர் 22, 23 தேதிகளில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஜி20 உச்சிமாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளை வைத்து மின்னணுப் பயண அனுமதி முறையைத் தொடங்கினார்கள். சீனா, இந்தியா, இந்தோனேசியா, மெக்சிகோ ஆகிய நான்கும் முதல் நாடுகள். பாஸ்போர்ட்டையும் முகத்தையும் கைபேசியில் படமெடுத்து அனுப்ப வேண்டும்; முடிவைக் கணினியே சொல்லும்; விமான நிலையத்தில் முகம் ஒத்துப்பார்க்கப்படும். அடுத்த கட்டமாக இதே நாடுகளின் சுற்றுலாப் பயணிகளுக்கும் இது என்பதே அப்போதைய திட்டம். கென்யா 2024 ஜனவரியில் கிட்டத்தட்ட எல்லா நாட்டவருக்கும் இதேபோன்ற அனுமதியைக் கொண்டுவந்துவிட்டது. அப்போது கட்டணம் 30 டாலர்.

அடுத்தது அதிகம் பேசப்படாத சிக்கல். சீன நிறுவனங்கள் விற்கும் தென்னாப்பிரிக்கப் பயணம் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவோடு நிற்பதில்லை. க்ரூகர் வனவிலங்குப் பூங்கா பார்த்துவிட்டு ஜிம்பாப்வேயில் விக்டோரியா அருவி, பிறகு மறுபடி ஜோகன்னஸ்பர்க் வந்து விமானம். ஜிம்பாப்வே 2018 ஜூலையிலிருந்து சீனர்களுக்கு வந்திறங்கியதும் விசா தருகிறது, ஆகவே அங்கே தொல்லையில்லை. ஆனால் ஒரே ஒரு முறை நுழைய மட்டும் அனுமதி தரும் தென்னாப்பிரிக்க விசாவோடு கிளம்பியவர் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி நுழைய முடியாது. விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்க வேண்டும். ஜிம்பாப்வேயும் ஜாம்பியாவும் தங்களுக்குள் 2014இலேயே ஒரு பொது விசாவைத் தொடங்கின. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் அனைத்துக்கும் ஒரே விசா என்பது பல ஆண்டுகளாகக் கூட்டங்களில் பேசப்படுகிறது, எல்லைச் சாவடியில் இன்னும் காணோம்.

கடைசியாக மஞ்சள் காய்ச்சல். சீனாவில் அந்நோய் இல்லை. ஷென்ஜென் வழியாக நேராக வரும் ஏர் சைனா பயணியிடம் தடுப்பூசிச் சான்று கேட்பதில்லை. மலிவான டிக்கெட் தேடி, அந்நோய் உள்ள எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகவோ கென்யாவின் நைரோபி வழியாகவோ வருபவருக்கு அங்கே காத்திருப்பு 12 மணி நேரத்தைத் தாண்டினால் சான்று கட்டாயமாகிறது. விசா கையில் இருக்கிறது, ஹோட்டல் உறுதியாகிவிட்டது, மஞ்சள் அட்டை என்னும் அந்தத் தடுப்பூசிச் சான்று மட்டும் இல்லை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடிப்போய் ஊசி போட்டும் பயனில்லை. குழுவாக வருபவருக்கு இதை நிறுவனம் ஞாபகப்படுத்தும். கைபேசியில் தானே அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பும் இளைஞருக்கு, டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த அனுமதிச் செயலி இதைச் சீன மொழியில் சொல்லியாக வேண்டும்.